அட்டவணை சொன்னதும் நாம் கேட்டதும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூட்டத்தில் நாம் பேசிய பேச்சை அன்பர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும். மறந்திருந்தால் நமக்கு நல்லது. “பாரத நாட்டில் தமிழ் பேசுவோர் தொகை வரவர அருகி வருகிறது; 2001-ஆம் ஆண்டில் இருந்ததைக் காட்டிலும் 2011-இல் நாம் குறைந்துபோனோம்” என்று அன்று உருக்கமாகச் சொன்னோம். ஆதாரமாக, சர்க்கார் வெளியிட்ட ஜனத்தொகைக் கணக்கின் மொழி அட்டவணையை உயர்த்திக் காட்டினோம். கைதட்டல் கிடைத்தது. தாய்மார்கள் சிலர் பெருமூச்சு விட்டதையும் கண்டோம்.

விருந்து முடியும் தறுவாயில் பெண்ணொருத்தி நம் அருகே வந்து நின்றாள். கல்லூரியில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. ஞாயிறுதோறும் சங்கத்தின் மாடியில் நடைபெறும் பரீட்சைப் பயிற்சி வகுப்புக்குத் தவறாமல் வருபவள். “மாமா, அந்தத் தாளை ஒரு முறை பார்க்கலாமா?” என்று கேட்டாள். கொடுத்தோம். அவள் விரல் வைத்துக் காட்டிய இடம், நாம் பார்த்த பத்திக்குப் பக்கத்துப் பத்தி. “தமிழ் பேசுகிறவர்கள் 2001-இல் 608 இலட்சம், 2011-இல் 690 இலட்சம். எண்பத்திரண்டு இலட்சம் பேர் கூடியிருக்கிறார்களே, மாமா! நீங்கள் நூற்று வீதத்தை மட்டும் பார்த்துவிட்டீர்கள்” என்றாள். பணிவாகத்தான் சொன்னாள். நமக்குத்தான் பாயசம் தொண்டையில் நின்றுவிட்டது.

நாம் செய்த பிழை எண்ணைத் தப்பாகப் படித்ததால் வந்ததன்று. தமிழ் தேய்கிறது என்பதை நாம் முன்னரே நம்பியிருந்தோம். நம்பியதற்கு ஏற்ற எண்ணைத் தேடினோம். கிடைத்ததும் தேடுவதை நிறுத்திக்கொண்டோம். பரீட்சை மண்டபத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பிழையும் பெரும்பாலும் இவ்வகையே என்று மாடி வகுப்பில் பாடம் சொல்லும் நண்பர் கூறினார். ஆகவே இரண்டு மாதமாக ஞாயிறு காலைகளில் மாடியேறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தோம். இம்மாதம் இப்பகுதியில் எழுதுவது அங்கே கண்டதும் கற்றதுமே.

இக்காலத்துப் பரீட்சைகளைப் பற்றி, பழைய முறையில் கட்டுரை எழுதித் தேறிய பெற்றோர்களுக்கு இரண்டு சொல் சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். முதலிய உயர் பணிகளுக்கான தேர்வின் முதற்படியில் இரண்டு தாள்கள். இரண்டாவது தாள் 2011-ஆம் ஆண்டு முதல் இருந்து வருவது. ‘சி-சாட்’ என்று பிள்ளைகள் அழைப்பார்கள். எண்பது வினா, இருநூறு மதிப்பெண், இரண்டு மணி நேரம். உரைப்பகுதியைப் படித்துப் பொருளுணர்தல், அட்டவணைகளையும் வரைபடங்களையும் பார்த்து விடையளித்தல், சிறு கணக்குகள் முதலியன அதில் அடங்கும். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகளைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுவார்கள். சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண். பிழையானதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 2015 முதல் இத்தாளில் நூற்றுக்கு 33 வாங்கினாலே போதும். தகுதி பார்ப்பதற்கு மட்டுமே அது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். வங்கி வேலைகளுக்கான பொதுத் தேர்விலும் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான ‘கேட்’ தேர்விலும் அட்டவணை வினாக்கள் இதைவிடக் கடுமையாக வரும்.

நூற்றுக்கு 33 என்றால் எளிதுதானே என்று நாமும் நினைத்திருந்தோம். நம் சங்கத்துக் குடும்பமொன்றில் பிறந்த பையன், பள்ளியில் கணக்கிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கியவன், இத்தாளில் தகுதிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்து நின்றுவிட்டான். முதல் தாளை நன்றாக எழுதியிருந்தான். ஓராண்டு உழைப்பு அதனோடு போயிற்று. அவனும் அவன் தகப்பனாரும் வினாத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்களாம். அட்டவணையையும் வரைபடத்தையும் பற்றிய வினாக்களில் அவன் போட்ட கணக்கெல்லாம் சரி. ஆனால் அவை கேட்ட கேள்விக்குரிய கணக்குகளல்ல. அதிகரிப்பு எத்தனை என்று கேட்ட இடத்தில் அதிகரிப்பு வீதத்தைக் கண்டிருந்தான். இரண்டுமே விடைகளின் வரிசையில் இருந்தன. அந்தத் தகப்பனார் இதை நம்மிடம் சொன்னபோது குரல் உயரவில்லை. “கணக்குத் தெரியாமல் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

இனி, பொங்கலன்று நம்மை நாண வைத்த அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். சில மொழிகளை மட்டும் தந்திருக்கிறோம். முதல் இரண்டு எண்கள் 2001, 2011 ஆண்டுகளில் அம்மொழி பேசுவோர் தொகை, இலட்சத்தில். அடுத்த இரண்டும் அதே ஆண்டுகளில் நாட்டு மக்களுள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது.

இந்தி — 4,220. 5,283 — 41.03, 43.63
வங்காளம் — 834. 972 — 8.11, 8.03
தெலுங்கு — 740. 811 — 7.19, 6.70
மராத்தி — 719. 830 — 6.99, 6.86
தமிழ் — 608. 690 — 5.91, 5.70
உருது — 515. 508 — 5.01, 4.19
குஜராத்தி — 461. 555 — 4.48, 4.58
நாட்டின் மொத்த மக்கள் — 10,286, 12,109

வகுப்பில் முதல் வினா இது: 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ் பேசுவோர் (அ) குறைந்தனர், (ஆ) தொகையில் கூடி, வீதத்தில் குறைந்தனர், (இ) தொகையிலும் வீதத்திலும் கூடினர், (ஈ) அட்டவணையைக் கொண்டு சொல்ல இயலாது. இந்நேரம் விடை ‘ஆ’ என்று அன்பர்கள் கண்டிருப்பார்கள். நாம் பொங்கலன்று குறித்த விடை ‘அ’. உண்மையில் குறைந்த மொழி அட்டவணையிலே வேறொன்று இருக்கிறது. உருது, ஏழு இலட்சத்துக்கு மேல். தமிழுக்கு நேர்ந்தது குறைவன்று. நாடு பத்தாண்டில் நூற்றுக்குப் பதினேழே முக்கால் வளர்ந்தபோது தமிழ் பேசுவோர் பதின்மூன்றரைதான் வளர்ந்தார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் சம்பளம் உயர்ந்து, நமக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தால், வீட்டு வருமானத்தில் நம் பங்கு சிறுக்கும். கையில் வரும் ரூபாய் சிறுக்காது.

இரண்டாம் வினா இன்னும் சுவையானது. இந்தியை நீக்கிவிட்டுப் பார்த்தால், பத்தாண்டில் மிக விரைவாக வளர்ந்த மொழி எது? பிள்ளைகள் பலர் உடனே கழித்தார்கள். வங்காளம் 138 இலட்சம் கூடியிருக்கிறது, மராத்தி 111, குஜராத்தி 94, தமிழ் 82, தெலுங்கு 71. எல்லாவற்றிலும் பெரியது 138. ஆகவே வங்காளம் என்று குறித்துவிட்டார்கள். ‘விரைவாக’ என்ற சொல்லை அவர்கள் ‘மிகுதியாக’ என்று படித்துக்கொண்டார்கள். வேறு சிலர் வளர்ச்சி வீதந்தான் வேண்டும் என்பதை உணர்ந்து, ஒவ்வொரு மொழிக்கும் நீண்ட வகுத்தல் போடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு விடை கிடைத்தது. ஆனால் நான்கு நிமிடம் போயிற்று. பரீட்சையில் ஒரு வினாவுக்குச் சராசரி ஒன்றரை நிமிடந்தான்.

முன்னே சொன்ன பெண் பென்சிலைத் தொடவே இல்லை. எப்படி என்று நண்பர் கேட்டார். “வீதப் பத்தியைப் பார்த்தேன். பங்கு கூடியிருந்தால் நாட்டைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தியை விட்டால் குஜராத்திக்கு மட்டுந்தான் பங்கு கூடியிருக்கிறது” என்றாள். நமக்கு வியப்பாக இருந்தது. 4.48 என்பது 4.58 ஆயிற்று, மற்றவை எல்லாம் இறங்கின. மற்றவை நாட்டைக் காட்டிலும் மெதுவாகவும் குஜராத்தி நாட்டைக் காட்டிலும் வேகமாகவும் வளர்ந்திருந்தால், முதலிடம் யாருக்கு என்பதில் ஐயமேது? நம்பாதவர்கள் சரிபார்க்கலாம்: 461-இல் ஐந்தில் ஒரு பங்கு 92, கூடியதோ 94, ஆகவே நூற்றுக்கு இருபதுக்குச் சற்று மேல். வங்காளத்தில் ஐந்தில் ஒரு பங்கு 167, கூடியது 138, ஆகவே இருபதுக்குக் கீழே. வகுத்தலே வேண்டாம். பரீட்சைக்காரர்கள் எதிர்பார்ப்பது இத்தகைய மதிப்பீட்டையே. பள்ளியில் ‘வழியைக் காட்டு’ என்று பழக்கியதால் பிள்ளைகளுக்கு மதிப்பீடு என்பது ஏதோ திருட்டுத்தனம் போலத் தோன்றுகிறது. இங்கே வழியை யாரும் பார்ப்பதில்லை.

நூற்று வீதம் நூற்று வீதம் என்கிறோமே, எதனுடைய நூறு என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. 2011-இல் தமிழ்நாட்டில் வாழ்ந்தோர் 721 இலட்சம். அவர்களுள் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 637.5 இலட்சம். நாடு முழுவதிலும் தமிழ் பேசுவோர் 690 இலட்சம் என்று முன்பே கண்டோம். “தமிழ்நாட்டு மக்களுள் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு எத்தனை பேர்?” என்றால் விடை 88-க்குச் சற்று மேல். “இந்தியாவில் தமிழ் பேசுவோருள் தமிழ்நாட்டில் வாழ்வோர் நூற்றுக்கு எத்தனை பேர்?” என்றால் விடை 92-க்குச் சற்று மேல். இரண்டு கணக்கிலும் மேலே நிற்கும் எண் ஒன்றே. கீழே நிற்பதுதான் வேறு. ஆங்கிலத்தில் இவ்விரு கேள்விகளுக்கும் வேற்றுமை ஒரு சிறு சொல்லில் அடங்கிவிடுகிறது. வாக்கியத்தைப் பாதி படித்தவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நான்கு விடைகளுள் 88-உம் இருக்கும், 92-உம் இருக்கும் என்பதில் ஐயம் வேண்டாம்.

இதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு எளிதாகிறது என்பதையும் கண்டோம். ‘தமிழ்நாட்டு மக்களுள்’, ‘தமிழ் பேசுவோருள்’ என்று அந்த ‘உள்’ உருபே, எந்தக் கூட்டத்திலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் வீட்டுத் தமிழிலே கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வீட்டில் தமிழ் பேசினால் பரீட்சை ஆங்கிலம் கெட்டுவிடும் என்று நினைக்கும் தாய்மார்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு நமக்குப் பழைய வழக்கு. அதை வேறொரு மாதம் நடத்திக்கொள்வோம்.

5.91 என்பது 5.70 ஆனதைச் சொல்லுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. குறைந்தது 0.21 சதவிகிதப் புள்ளி. ஆனால் 5.91-ஐ அடியாக வைத்துப் பார்த்தால் குறைவு நூற்றுக்கு மூன்றரை. ‘எத்தனை புள்ளி’ என்ற வினாவும் ‘எத்தனை சதவிகிதம்’ என்ற வினாவும் வேறு வேறு. செய்தித்தாள்களே இதைக் குழப்பி எழுதுகின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லுவானேன்?

இப்போது அட்டவணையின் தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் வருவோம். நம் அபிப்பிராயத்தில் பயிற்சியின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அட்டவணையைக் கண்டதும் பிள்ளைகளின் கண் எண்களின்மேல் பாய்கிறது. எண்களை முதலில் படிப்பதில் பயனில்லை. தலைப்பு எதை எண்ணுகிறது, எந்த ஆண்டில், எந்த அளவையில், அடியில் என்ன குறிப்பு என்று பார்த்துவிட்டு வினாவுக்குப் போக வேண்டும். வினா எந்த வரிசையையும் எந்தப் பத்தியையும் கேட்கிறதோ அந்த எண்ணை மட்டும் அப்போது தேடினால் போதும். ஓர் அட்டவணைக்கு மூன்று நான்கு வினாக்கள் வருமாதலால், தலைப்பில் செலவிட்ட அரை நிமிடம் வீண்போகாது.

அளவையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வீட்டில் இலட்சம், கோடி. வினாத்தாளில் சில சமயம் மில்லியன், பில்லியன். பத்து இலட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ‘ஆயிரத்தில்’ என்று மூலையில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் காணாதவன் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

தலைப்பு எதை எண்ணுகிறது என்பதற்கு இந்தி வரிசையே தக்க சான்று. 2011 கணக்கில் இந்தி என்ற தலைப்பின்கீழ் 52.8 கோடிப் பேர். ஆனால் அத்தலைப்பு ஒரு பெரிய பந்தல். போஜ்புரி என்று சொன்ன ஐந்து கோடிப் பேரும், இராஜஸ்தானி, சத்தீஸ்கரி என்று சொன்னவர்களும், இன்னும் பற்பல தாய்மொழிக்காரர்களும் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இந்தி’ என்றே தம் தாய்மொழியைச் சொன்னவர்கள் 32.2 கோடி. ‘மொழி’ என்று தலைப்பிட்ட அட்டவணை ஒன்று, ‘தாய்மொழி’ என்று தலைப்பிட்ட அட்டவணை மற்றொன்று. இரண்டும் சர்க்கார் வெளியிட்டவை; இரண்டும் தத்தம் தலைப்பின்கீழ்ச் சரியானவை. இதை வைத்துக்கொண்டு மேடைகளில் இரு தரப்பாரும் வாதாடுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

தமிழ் வரிசைக்கும் வருவோம். 690-இல் தமிழ்நாட்டின் 637.5-ஐக் கழித்தால், வெளியே ஏறக்குறைய 53 இலட்சம். பார்த்தவுடன், “ஆகா, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் 53 இலட்சம் பேர்!” என்று சொல்லத் தோன்றுகிறது. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த 53-இல் 11 இலட்சம் பேர் புதுச்சேரிக்காரர்கள். அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை; தம் வீட்டில்தான் இருக்கிறார்கள். கேரளத்தின் மலைத்தோட்டங்களிலும் கர்நாடகத்தின் கோலார்ப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களும் அதில் உண்டு. பத்தியின் தலைப்பு ‘தமிழ் பேசுவோர்’ என்றிருக்கிறதே தவிர ‘குடிபெயர்ந்தோர்’ என்றில்லை. மேலும் பேசுவோர் என்பதும், கணக்கெடுக்க வந்தவரிடம் வீட்டார் தம் தாய்மொழி தமிழ் என்று சொன்ன கணக்கே. நம் நகரத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு என்ன எழுதச் சொன்னோம் என்பது அவரவர் வீட்டு விஷயம்; அட்டவணைக்கு அதற்குமேல் தெரியாது.

உரைப்பகுதி வினாக்களிலும் இதே நியாயந்தான். கொடுத்த பகுதியை மட்டும் ஆதாரமாகக் கொண்டு விடையளிக்க வேண்டும் என்று வினாத்தாளிலேயே அறிவிப்பு இருக்கிறது. உலகத்தில் உண்மையாக இருந்தும் பகுதியில் இல்லாத செய்தியை ஒரு விடையாக வைத்திருப்பார்கள். படித்த பிள்ளைதான் அதில் விழும். படிக்காத பிள்ளைக்கு அந்தச் செய்தியே தெரியாதே! 2001-இல் மூன்றாம் இடத்திலிருந்த தெலுங்கு 2011-இல் மராத்திக்குப் பின்னே நான்காம் இடத்துக்கு வந்தது என்று அட்டவணை சொல்லும். ஏன் வந்தது என்று அது சொல்லவில்லை. குழந்தைகள் குறைவாகப் பிறந்தது காரணம், கடல் கடந்து சென்றவர்கள் மிகுந்தது காரணம் என்று விடைகள் கொடுத்திருந்தால், அவை எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் தொடக்கூடாது.

‘சொல்ல இயலாது’ என்ற விடையைக் கண்டால் நம் பிள்ளைகளுக்குப் பயம். தெரியாது என்று ஒப்புக்கொள்வது போல அவர்களுக்குப் படுகிறது. இதற்கு 1981-ஆம் ஆண்டைப் போல நல்ல பாடம் கிடைக்காது. 1971-இல் தமிழ் பேசுவோர் 377 இலட்சம், நூற்றுக்கு 6.88. 1991-இல் 530 இலட்சம், நூற்றுக்கு 6.32. இடையில் 1981-க்கு நேரே எண் இல்லை. ‘கிடைக்கவில்லை’ என்னும் குறி மட்டும் இருக்கிறது. அவ்வாண்டுக் கணக்கில் தமிழ்நாட்டுப் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்துபோனமையால் மொழித்தொகை வகுக்க முடியவில்லை என்று அடிக்குறிப்பு கூறுகிறது. அசாமிய மொழிக்கும் 1981-இல் அதே குறி. அதற்குக் காரணம் வேறு. அசாமில் அவ்வாண்டு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1991-இல் ஜம்மு-காஷ்மீரத்தில் நடக்காததால் காஷ்மீரிக்கும் டோக்ரிக்கும் எண் இல்லை.

“1971-க்கும் 1981-க்கும் இடையே தமிழ் பேசுவோர் எத்தனை வீதம் வளர்ந்தார்கள்?” என்று நண்பர் கேட்டார். ஒருவன் வெற்றிடத்தைச் சைபர் என்று கொண்டான்; அந்தக் கணக்கின்படி தமிழினம் 1981-இல் அடியோடு இல்லை! வேறிருவர் 377-க்கும் 530-க்கும் நடுவே இருப்பதை எடுத்துக்கொண்டு வீதம் கண்டார்கள். அது கெட்டிக்காரத்தனமான ஊகம், விடையாகாது. முன்னே சொன்ன பெண்ணும் இந்த வினாவில் தவறினாள் என்பதையும் நியாயத்துக்காக எழுதிவிடுகிறோம். ‘சொல்ல இயலாது’ என்று துணிந்து குறித்தவன், இரண்டு மதிப்பெண்ணில் தகுதியை இழந்தான் என்று மேலே எழுதினோமே, அந்தப் பையன். இப்போது மறுமுறை எழுதுவதற்காக வகுப்புக்கு வருகிறான். விடையைக் குறிப்பதற்கு முன் கேள்வியின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறான். எது கேட்கப்பட்டதோ அந்தச் சொல்லின் கீழே மட்டும்.

பிழைக்கு மதிப்பெண் கழிவதைப் பற்றியும் வீடுகளில் தவறான எண்ணம் இருக்கிறது. “தெரியாவிட்டால் தொடாதே” என்று அதட்டி அனுப்புகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், நான்கு முறையில் ஒரு முறை இரண்டரை வரும். மூன்று முறை முக்காலே சொச்சம் வீதம் மொத்தம் இரண்டரை போகும். இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆனால் அட்டவணையைப் பார்த்து ஒரு விடையை மட்டும் நிச்சயமாக விலக்க முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியில் இலாபமே. இரண்டை விலக்கினால் இன்னும் இலாபம். தொடாதே என்பதற்குப் பதிலாக ‘எதை விலக்கலாம் பார்’ என்று சொல்லி அனுப்புவது நலம். இந்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கும் தேர்வுகளுக்கு உரியது. வங்கித் தேர்வில் கால் பங்கு கழியும்.

வீட்டில் பழகுவதற்குப் புத்தகம் வாங்க வேண்டுவதில்லை. மின்சாரக் கட்டணச் சீட்டு ஓர் அட்டவணை. ஊருக்குப் போகும் இரயிலின் நேரப்பட்டியல் ஓர் அட்டவணை. அதில் நின்று போகாத நிலையத்துக்கு நேரே இருக்கும் கோடு ‘கிடைக்கவில்லை’ என்பதன் தம்பி. செய்தித்தாளில் வரும் மழைக்கணக்கும் விலைவாசிக் கணக்கும் அவ்வாறே. இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளை ஒரு வினா எழுதி, அதற்குச் சரியான விடை ஒன்றும், ஏமாற்றும் விடைகள் மூன்றும் தயாரித்துத் தகப்பனாரைக் கேட்கட்டும். ஏமாற்றும் விடையைத் தானே செய்து பார்த்தவனை ஏமாற்றுவது கடினம். தகப்பனார்கள் தோற்றால் கோபிக்கக்கூடாது. நாம் ஊரறியத் தோற்றவர்கள், நமக்கு அந்த உரிமை உண்டு.

இம்மாதப் பயிற்சிக்காகச் சிறு அட்டவணை ஒன்று தருகிறோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ் பேசுவோர் தொகை இலட்சத்திலும், அவ்விடத்து மக்களுள் நூற்றுக்கு எத்தனை என்பதும் முறையே வருகின்றன.

கர்நாடகம் — 21.1 — 3.45
புதுச்சேரி — 11.0 — 88.2
மகாராஷ்டிரம் — 5.1 — 0.45
கேரளம் — 5.0 — 1.50
அந்தமான் நிக்கோபார் — 0.58 — 15.2

இவ்வட்டவணையை மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்லத்தக்கது எது? (அ) கேரளத்தைக் காட்டிலும் அந்தமானில் தமிழ் பேசுவோர் மிகுதி. (ஆ) மகாராஷ்டிரத்தின் மொத்த மக்கள்தொகை கேரளத்தினுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். (இ) கர்நாடகத்தில் தமிழ் பேசுவோர் தொகை பெருகி வருகிறது. (ஈ) புதுச்சேரித் தமிழர்கள் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள்.

பிள்ளைகள் விடையோடு, மற்ற மூன்றையும் ஏன் விலக்கினார்கள் என்பதற்குக் காரணமும் ஒவ்வொரு வரி எழுதிச் சங்கத்து அஞ்சல் பெட்டியில் போடலாம். பெற்றோர்களும் எழுதலாம், ஆனால் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதக்கூடாது. விடை அடுத்த இதழில் வரும்.